சாவி போட வேண்டியவன்

1

போன மாதம் வேலை முடிந்து வந்து பார்த்தால், வாசலில் நிற்கும் காரின் கண்ணாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பதிவு புதுப்பிக்காத வண்டி தெருவோரப் புல்வெளியில் நிற்கக் கூடாதாம். இரண்டு வாரத்துக்குள் எடுக்காவிட்டால் நகராட்சியே இழுத்துக்கொண்டு போய்விடுமாம். யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் என்றால், புகார் கொடுத்தவனே டீக்கடையில் எதிரே உட்கார்ந்து, "நாந்தான் கொடுத்தேன், இப்ப என்ன?" என்றிருப்பான்.

நகராட்சி ஆபீசுக்குப் போன் போட்டேன். என் ஆங்கிலம் சுரங்கத்தில் செல்லுபடியாகும், ஆபீசில் ஆகாது. "மை கார் இஸ் நாட் வெல்" என்றேன். வண்டிக்கு உடம்பு சரியில்லை என்று அரியலூரில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். மறுமுனையில் இருந்த பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, கார் குணமாக எவ்வளவு நாளாகும் என்று மரியாதையாகவே கேட்டாள். கூடுதல் அவகாசம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பதையும் அதே மரியாதையோடு சொன்னாள். இந்த நாட்டில் முடியாது என்பதை வலிக்காமல் சொல்வார்கள். போனை வைத்த பிறகுதான் வலிக்கும்.

நான் ராஜமாணிக்கம். பிறந்தது கீழப்பழுவூர். அரியலூரில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கும் லாரிகளுக்கு எஞ்சின் வேலை பார்த்தவன். இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்கு வெளியே, சுரங்க லாரிகளுக்கு அதே வேலை பார்க்கிறேன். கல்தான் மாறியது, தூசி மாறவில்லை. ஸ்டிக்கர் ஒட்டப்பட்ட கார் என்னுடையதல்ல, மகன் கதிருடையது. அதன் எஞ்சினை இறக்கி, பிரித்து, மறுபடி கட்டி, கராஜில் ஒரு ஸ்டாண்டில் மாட்டி வைத்திருந்தேன். அதை வண்டியில் ஏற்றி, சாவியைத் திருப்பி, கராஜுக்குள் விட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அந்தச் சாவியை நான் திருப்பக் கூடாது. ஏன் என்பதை இங்கே யாரிடமும் விளக்க முடியவில்லை. ஊரில் இருக்கும் உங்களுக்குப் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

2

கதிர் அந்தக் காரை வாங்கியபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. சூப்பர் மார்க்கெட்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசு. பழைய ஜப்பான் கார், கதவு இரண்டுதான், பின்சீட்டில் ஒரு தேங்காய் மூட்டையைக்கூட உட்கார வைக்க முடியாது. எஞ்சினை எட்டிப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. முப்பது வருஷம் நான் கற்றதில் பாதி அதற்குள் கிடையாது.

ரோட்டரி எஞ்சின் என்று அதற்குப் பெயர். நடுவில் இடுப்பு சிறுத்த முட்டை மாதிரி ஓர் அறை, இந்த வண்டியில் அப்படி முன்னும் பின்னுமாக இரண்டு. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று மூலையுள்ள ஓர் இரும்பு உருண்டு உருண்டு சுற்றும். பிஸ்டன் மேலும் கீழும் போகும், இது சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும்போது பெட்ரோலையும் காற்றையும் ஒரு பக்கம் இழுத்து, நெருக்கி, எரித்து, இன்னொரு பக்கம் தள்ளிவிடும். காற்று கசியாமல் இருக்க அதன் மூன்று முனைகளிலும் பட்டையாக ஒவ்வொரு சீல், விளிம்புகளில் வில் போல வளைந்த சீல், இரண்டும் சேரும் மூலையில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சீல். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஸ்பிரிங் இருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அந்தச் சீல்கள் சரியாக இருந்தால் எஞ்சின் குதிரை, இல்லாவிட்டால் வெறும் இரும்பு.

இரண்டு வருஷம் குதிரையாகத்தான் ஓடியது. சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் கடற்கரைச் சாலையில் போவோம். அவன் பேசமாட்டான், நானும் பேசமாட்டேன், எஞ்சின் பேசிக்கொண்டு வரும். எங்களுக்குள் இருந்த நல்ல பழக்கம் அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டுக்குள் அவன் அறைக் கதவு மூடியே இருக்கும்.

பிறகு வண்டி சூடாகி நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தது. சீல் தேய்ந்து காற்று கசிகிறது என்பதற்கு அது முதல் அடையாளம். அந்தச் சமயத்தில் கதிருக்கு மெல்போர்னில் வேலை கிடைத்தது. அது இந்த நாட்டின் அந்தக் கோடி. காரை விட்டுவிட்டு விமானத்தில் போனான். அடுத்த வருஷம் பெரம்பலூரில் என் மாமனாருக்குக் கை கால் விழுந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. மனைவி செல்வி மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். இன்னும் பெரம்பலூரில்தான் இருக்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாலு அறை வீட்டில் நானும் ஓடாத ஒரு காரும் மிஞ்சினோம்.

3

எஞ்சினைப் பிரிக்கலாம் என்று முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சாம்பார் வைத்தேன். ஒரு ஆளுக்கு சாம்பார் வைக்க எனக்கு இன்னும் வரவில்லை. குக்கர் நிறைய நின்ற அந்தச் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருந்தவன், திடீரென்று எழுந்து கராஜுக்குப் போனேன். கழற்ற ஆரம்பித்த பிறகுதான் மனசு அடங்கியது.

சீல்களைப் பொறுத்தவரை முதல் விதி, எந்தக் குழியில் இருந்ததோ அதே குழிக்குத்தான் அது திரும்பப் போக வேண்டும். முட்டை அட்டைகளில் அ, ஆ, இ, ஈ என்று எழுதி ஒவ்வொன்றையும் பிரித்து வைத்தேன். வீடியோவில் கதிரிடம் காட்டினேன். நல்லா இருக்குப்பா என்றான். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், அப்புறம் பேசுகிறேன் என்றான்.

எனக்குத் தண்ணி காட்டியது விளிம்புச் சீல். புதிதாக வரும்போது கொஞ்சம் நீளமாகவே வரும். நுனியை அரத்தால் ராவி, மூலைச் சீலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு தலைமுடி நுழையும் அளவுக்கு இடைவெளி விட வேண்டும். இடைவெளி போதாவிட்டால் சூட்டில் நீண்டு, மூலைச் சீலை முட்டி, இரண்டும் மாட்டிக்கொள்ளும். அதிகமாகிவிட்டால் காற்று கசியும். இதை வைத்து வாழ்க்கையைப் பற்றி நாலு வரி எழுதலாம் என்று எனக்கும் தெரியும். எழுதப் போவதில்லை. அரத்தைப் பிடித்துக் குனிந்திருப்பவனுக்குக் கழுத்துதான் வலிக்கும், தத்துவம் வராது.

ஒன்றை அதிகம் ராவிவிட்டேன். வேறு சீல் வரவழைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் சாயங்காலத்தில் செய்ய ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன். படுக்கும் முன் செல்விக்குப் போன் போட்டால் அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரமாக இருக்கும். மாமனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பேசுவாள். பாதிப் பேச்சு எனக்கு, பாதி அவருக்கு. "வாயத் தொறங்க" என்றால் யாரைச் சொல்கிறாள் என்று ஒரு நொடி தடுமாறுவேன்.

மார்ச் மாதம் எஞ்சினை மூடினேன். பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டாரால் சுற்றவிட்டு, அந்த ஓட்டை வழியாக வரும் காற்றழுத்தத்தைப் பார்த்தேன். ஒரு சுற்றுக்கு மூன்று மூச்சு வர வேண்டும், மூன்றும் ஒரே அளவாக இருக்க வேண்டும். புஸ், புஸ், புஸ். மூன்றும் ஒரே அளவு. தனியாகக் கை தட்டிக்கொண்டேன்.

4

இனிச் சாவி விஷயம்.

அரியலூர் ஷெட்டில் எஞ்சின் கட்டி முடித்தால், முதல் சாவியை வண்டிக்காரர்தான் போட வேண்டும். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், சூடம், எல்லாம் ஆகும். ஆள் இஸ்லாமானவர் என்றால் பிஸ்மி சொல்லிச் சாவி போடுவார். ஆனால் போடுவது அவர்தான். நாங்கள் பிளக்கையோ டீசல் குழாயையோ பிரித்து வைத்துவிட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் எஞ்சினைச் சுற்றவிட்டுப் பார்ப்போம். உயிர் வரும் அந்த முதல் தடவை மட்டும் உரியவருக்கு. வண்டிக்காரர் வெளியூர் போயிருந்தால், வரும்வரை வண்டி நிற்கும்.

ஒரே ஒரு தடவை அது மாறியது. திருமானூர்க்காரர் ஒருவர் கரும்பு லாரியை எஞ்சின் வேலைக்கு விட்டுவிட்டுப் போனார். வேலை முடியும் முன்பே மாரடைப்பில் இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் கழிந்து வீட்டு ஆட்கள் வண்டியைக் கேட்டு வந்தார்கள். அவர்களில் யாருக்கும் சாவியைத் தொடக் கை வரவில்லை. ஷெட்டில் எனக்கு மூத்தவர் அன்வர் பாய்தான் போட்டார். எஞ்சின் ஒரே அடியில் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு ஷெட்டில் யாரும் டீ குடிக்கவில்லை.

அதற்குப் பிறகு யாராவது அவசரத்தில் அடுத்தவர் வண்டிச் சாவியிடம் கையைக் கொண்டுபோனால், பாய் தட்டிவிடுவார். "ஓனர் உசுரோடதான இருக்காரு?" என்பார். அந்தக் கேள்விக்குப் பிறகு எவனும் தொடமாட்டான்.

இதைக் கதிரிடம் சொன்னேன். சிரித்தான். பட்டனை அமுக்கி ஸ்டார்ட் செய்யும் வண்டி என்றால் என்னப்பா செய்வீர்கள் என்று கேட்டான். செல்வி சிரிக்கவில்லை. "ஏங்க, புள்ள நல்லபடியா இருக்கறப்ப நீங்க சாவியத் தொட வேணாம். அவன் வந்து போடட்டும்" என்றாள்.

அவன் ஈஸ்டருக்கு வருகிறேன் என்றான். எனக்கும் அதுதான் வேண்டும். உண்மையைச் சொன்னால் சம்பிரதாயம் பாதி, சாக்கு பாதி. சாவி போடவாவது பிள்ளை வீட்டுக்கு வருவானே.

5

ஈஸ்டருக்கு வேலை என்றான். ஜூன் இங்கே குளிர்காலம், நண்பர்களோடு பனிமலைக்குப் போனான். என் பிறந்தநாளுக்கு நிச்சயம் என்றான். அன்றைக்கு வாசலில் ஒரு கேக் வந்து இறங்கியது. கொண்டுவந்த பையனிடம் உள்ளே வாப்பா, ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டுப் போ என்றேன். பயந்துபோய் வண்டியில் ஏறிவிட்டான். எஞ்சின் ஸ்டாண்டில் துணி போர்த்திக்கொண்டு நின்றது.

ஸ்டிக்கரைப் பார்த்த அன்றுதான் துணியை எடுத்தேன். வண்டியில் ஏற்றுமுன் எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி சுற்றவிட்டேன். முன்பக்க அறையில் மூன்று மூச்சும் சரி. பின்பக்க அறையில் ஒன்று பலமாக வந்தது, அடுத்த இரண்டும் சோர்ந்து வந்தன. திரும்பத் திரும்பச் சுற்றினேன். ஒன்று பலம், இரண்டு சோர்வு.

ஒரு மூச்சு மட்டும் சோர்ந்தால் விளிம்புச் சீலைச் சந்தேகப்படலாம். மூன்றும் சோர்ந்தால் அறையின் சுவரே தேய்ந்திருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு சோர்ந்தால், அந்த இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நிற்கும் முனைச் சீல்தான் குற்றவாளி. மார்ச்சில் நன்றாக இருந்தது, ஒரு நிமிஷம்கூட ஓடாமல் எப்படிக் கெடும்?

பிரித்தேன். அந்த முனைச் சீல் குழிக்குள் அப்பிக்கொண்டு கிடந்தது. விரலால் நெம்பினாலும் வரவில்லை. குழி முழுக்கப் பழுப்பாக, மெழுகு மாதிரி இறுகிப்போன கிரீஸ். நான் வைத்த கிரீஸ்தான். எஞ்சினை மூடும்வரை சீல்கள் விழாமல் நிற்க எதையாவது தடவி ஒட்டவைக்க வேண்டும். புத்தகத்தில் வாசலின் தடவச் சொல்லியிருந்தது. முகத்துக்குப் பூசுவதை எஞ்சினில் பூசுவதா என்று எனக்கு இளக்காரம். அரியலூர் ஷெட்டில் பேரிங்கின் ரோலரோ குண்டோ விழாமல் நிற்க வேண்டுமென்றால் சக்கரக் கிரீஸை ஒரு விரல் எடுத்து அப்புவோம். எந்த லாரியும் அதற்காக நின்றதில்லை. ஆனால் அந்த லாரிகள் மறுநாளே ஓடின. வாசலின் முதல் சூட்டிலேயே உருகிப் புகையாகப் போய்விடும். கிரீஸ் போகாது. ஓடாமல் கிடந்தால் இறுகி, ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிடும்.

அன்வர் பாய்க்குப் போன் போட்டேன். இப்போது ஷெட்டை அவர்தான் நடத்துகிறார். எல்லாவற்றையும் சொன்னேன். ரோட்டரி எஞ்சினை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அவருக்கும் அந்த விரல் நிறையக் கிரீஸில் பங்கு உண்டு என்பதால் கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு கேட்டார்.

"ஏம்ப்பா மாணிக்கம், ஆறு மாசமா ஓட்டாம எதுக்கு வச்சிருந்த?"

"புள்ள வந்து சாவி போடணும்ல பாய்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "வருவான்ப்பா, இன்ஷா அல்லாஹ்" என்றார். பிறகு அரியலூரில் மழை வரும்போல இருக்கிறது என்று பேச்சை மாற்றினார். போனை வைத்த பிறகு கராஜில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். காத்திருந்த நேரம் முழுக்க, நான் காத்து வைத்திருந்த எஞ்சினே உள்ளுக்குள் இறுகிக்கொண்டிருந்திருக்கிறது.

6

மூன்று டப்பா வாசலின் வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண் டப்பாக்களையும் என் கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிரில் கதிருக்கு உதடு வெடித்து ரத்தம் வரும். பள்ளிக்கூடம் போகும் முன் வாசலின் தடவிவிடுவது என் வேலை. டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனையில் அவன் எட்டு வயது முகம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் வேலை ஓடவில்லை.

லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தேன். குழி குழியாக மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வொரு சீலும் விரலால் அமுக்கினால் இறங்கி, விட்டால் தானாக எழுகிறதா என்று பார்த்து, வாசலின் தடவி மூடினேன். மறுபடி மூச்சுப் பார்த்தேன். இரண்டு அறைகளிலும் மூன்றும் ஒரே அளவு. இந்தத் தடவை கை தட்டவில்லை. வாடகைக்கு ஒரு கிரேனை எடுத்துவந்து வண்டியில் ஏற்றினேன்.

புல்வெளியில் இருந்து கராஜுக்குப் போகும் வழி நல்ல மேடு. ஓர் ஆளாகத் தள்ளி ஏற்ற முடியாது. அரியலூரில் ரோட்டைப் பார்த்து, "அண்ணே, ஒரு கை" என்றால் டீக் கிளாஸை வைத்துவிட்டு நாலு பேர் வருவார்கள், கூப்பிடாத ஐந்தாவது ஆள் எப்படித் தள்ளுவது என்று சொல்லிக்கொடுப்பான். இங்கே தெரு முழுக்க வீடுகள். சனிக்கிழமை காலை. ஒரு மனிதர் இல்லை. எதிர்வீட்டுத் திரைச்சீலை மட்டும் அசைந்தது. வண்டி மேலே ஏற வேண்டுமானால் அது தன் பலத்தில்தான் ஏற வேண்டும். கெடு திங்கட்கிழமை.

கதிருக்குப் போன் போட்டேன். "கதிரு, இன்னைக்கு இல்ல நாளைக்கு, ஒரே ஒரு தடவ வந்து சாவி போட்டுட்டுப் போயிடு. டிக்கெட்டு நான் போடுறேன்" என்றேன்.

முக்கியமான விஷயம் என்றால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவது அவன் வழக்கம். அன்றைக்குத் தமிழிலேயே, வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னான்.

"அப்பா, அது உங்க வண்டி. நான் உங்களுக்குன்னுதான் விட்டுட்டு வந்தேன். நீங்க தனியா இருப்பீங்க, ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தா நல்லா இருக்கும்னு." மூச்சு விட்டான். "நான் திரும்பி வந்து அங்க இருக்கப் போறதில்லப்பா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக அந்த வண்டியின் பக்கத்திலேயே இருந்தும் தெரியவில்லை. திட்டலாம் என்று வாயெடுத்தேன். திட்ட ஒன்றும் இல்லை. பிள்ளை என்னை நினைத்துத்தான் இருக்கிறான். அவனுக்குத் தெரிந்த விதத்தில் நினைத்திருக்கிறான்.

"அப்ப ஓனரு நாந்தானா?" என்றேன்.

"நீங்கதாம்ப்பா."

போனைப் பக்கத்து சீட்டில் வைத்தேன். எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் இரண்டு தடவை இருமி, ஒரு தடவை அடங்கி, பிறகு பிடித்துக்கொண்டது. உருகிய வாசலின் எல்லாம் பின்னால் வெள்ளைப் புகையாக வந்து தெருவை மூடியது. போனில் கதிர் சின்னப் பையன் மாதிரி கத்திக்கொண்டிருந்தான். அவன் அப்படிக் கத்திக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது.

அந்தச் சந்தோஷத்தில் கேட்டுவிட்டேன். புது எஞ்சினை முதலில் மெதுவாக நெடுந்தூரம் ஓட்டிப் பழக்க வேண்டும், இங்கேயிருந்து உன் ஊர் வரை பாலைவனம் வழியாக நாலைந்து நாள் ஓட்டினால் சரியாக இருக்கும், பதிவைப் புதுப்பித்து வண்டியை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றேன்.

போனில் கத்தல் நின்றது. "வாங்கப்பா" என்றான். பிறகு, "ஆனா கார் வேணாம். இங்க பார்க்கிங் கிடைக்காது. ஃப்ளைட்ல வாங்க. ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்" என்றான்.

சரிப்பா, சும்மாதான் கேட்டேன் என்று போனை வைத்தேன்.

புகை மெல்லக் கலைந்தது. எதிர்வீட்டுத் திரைச்சீலை மூடிக்கொண்டது. புதிதாகக் கட்டிய எஞ்சினை முதல் ஓட்டத்தில் உடனே நிறுத்தக் கூடாது. மேட்டில் ஏற்றும் முன், உள்ளே சீல்கள் எல்லாம் சுவரோடு பழக அரைமணி நேரமாவது ஓட விட வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். அதனால் நான் இறங்கி, கதவைச் சாத்தாமல், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.